பழைய கணினி, சிதறிய குழுக்கள்: யூஸ்நெட்டில் சீரமைக்கும் வழி

அமிகா, ஏகார்ன், அட்டாரி, ஆப்பிள் 2, சின்கிளேர் என்று கடைகளிலிருந்து எப்போதோ மறைந்துபோன ஒரு கணினியை இன்னும் விடாமல் வைத்திருப்பவரா நீங்கள்? அப்படியானால் இணையத்தின் பழைய விவாத வலையமைப்பான யூஸ்நெட்டில், ‘காம்ப்.சிஸ்’ என்னும் கிளையின்கீழ், உங்கள் கணினிக்கென்று ஒரு விவாதக் குழுவாவது இருக்க வாய்ப்பு அதிகம். சில கணினிகளுக்கு ஏழெட்டுக் குழுக்கள் உண்டு. அவற்றில் ஒன்றிரண்டில்தான் ஆள் நடமாட்டம் இருக்கும். அந்தக் குழுக்களைச் சேர்க்கவோ நீக்கவோ புதிதாக ஒன்றைத் தொடங்கவோ நினைப்பவருக்காக இதை எழுதுகிறேன். ஓர் எட்டுப் பிட் கணினியின் குழுக்களை ஒழுங்குபடுத்தும் வேலையில் சிக்கி, ஒருவழியாக வெளியே வந்தவன் நான். எந்தக் கணினி என்று சொல்லப்போவதில்லை. அங்கே சிலர் இன்னும் என் மடல்களுக்குப் பதில் போடுவதில்லை.

குழுப் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். நீங்கள் தட்டச்சு செய்யும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில், நடுவே புள்ளி வைத்து எழுத வேண்டும்: ‘காம்ப்.சிஸ்’ என்றால் comp.sys.

1. சர்வர் கணக்கும் மென்பொருளும்

யூஸ்நெட்டுக்குத் தலைமையகம் கிடையாது. ஆயிரம் இடங்களில் இருக்கும் சர்வர்கள் மடல்களைத் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்கின்றன, அவ்வளவுதான். இந்த ஒரு செய்தியை மனத்தில் பதித்துக்கொண்டால் பின்னால் வரும் பாதிக் குழப்பம் தீரும்.

‘எடர்னல் செப்டம்பர்’ சர்வரில் கணக்கு இலவசம். பதிவு செய்துகொண்டால் போதும். பெர்லினிலிருந்து இயங்கும் ‘நியூஸ்.இன்டிவிஜுவல்.நெட்’ ஆண்டுக்கு 10 யூரோ வாங்குகிறது. இந்தியாவிலிருந்து கட்டுவதானால் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை முன்பே திறந்துவையுங்கள். மாதச் சந்தா கேட்டு விளம்பரம் செய்யும் பெரிய நிறுவனங்கள் கோப்பு இறக்குவோருக்கானவை. இந்த வேலைக்கு அவற்றுக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

கூகுள் குரூப்ஸ் வழியாகச் செய்யலாமே என்று நினைத்தால் அந்தக் கதவு மூடிவிட்டது. 2024 பிப்ரவரி 22 முதல் அங்கிருந்து யூஸ்நெட்டுக்கு எழுத முடியாது. புதிய மடல்களும் அங்கே வருவதில்லை. பழையவற்றைத் தேடிப் படிக்க மட்டும் பயன்படும்.

மென்பொருளுக்குத் தண்டர்பேர்டு போதும். ‘பேன்’ நன்றாக இருக்கும். கறுப்புத் திரையில் வேலை செய்யப் பிடித்தவருக்கு ‘டின்’. எல்லாம் இலவசம். போர்ட் 563, பாதுகாப்பு இணைப்புடன் அமையுங்கள். மடலை வெறும் எழுத்தாக அனுப்பும்படி அமைப்பதை மறக்காதீர்கள். வண்ணமும் தடித்த எழுத்துமாக ஒரு மடல் வந்தாலே ‘புது ஆள், படிக்க வேண்டியதில்லை’ என்று ஒதுக்கிவிடுவார்கள். மேற்கோளைத் தேவையான அளவு வெட்டி, அதற்குக் கீழே பதில் எழுதுவதுதான் அங்கே மரியாதை. முதல் மடலைச் சோதனைக் குழுவான ‘மிஸ்க்.டெஸ்ட்’டில் போட்டுப் பாருங்கள்.

மின்னஞ்சல் முகவரி ஒன்றைத் தனியாகத் தொடங்கிக்கொள்ளுங்கள். முன்மொழிபவரின் முகவரி எல்லாருக்கும் தெரியும்படி இருக்கும். குப்பை மடல் கொட்டும். ஆனால் அது வேலை செய்யும் முகவரியாக இருந்தே ஆக வேண்டும். பொய் முகவரி கொண்டு முன்மொழிய முடியாது.

2. பேசுவதற்கு முன் எண்ணுங்கள்

‘குழு செத்துவிட்டது’ என்று எழுதினால் உடனே யாராவது ஒருவர் ‘நான் தினமும் படிக்கிறேனே’ என்பார். கையில் கணக்கு இல்லாமல் இறங்கினால் முதல் வாரத்திலேயே மூச்சு முட்டும்.

உங்கள் கணினிக்கான எல்லாக் குழுக்களிலும் கடந்த பன்னிரண்டு மாத மடல் தலைப்புகளை இறக்குங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் மூன்று எண்களை எழுதுங்கள்: எத்தனை மடல், எத்தனை இழை (ஒரு மடலும் அதற்கு வரும் பதில்களும் சேர்ந்த தொடர்), எத்தனை வெவ்வேறு ஆட்கள். மூன்றாவதுதான் முக்கியம். இரண்டு பேர் மாறி மாறி நூறு மடல் போட்டுச் சண்டையிடும் குழு உயிரோடு இருப்பதுபோலத் தெரியும். இருபது பேர் மாதம் ஒருமுறை எழுதும் குழுதான் உண்மையில் ஆரோக்கியமானது.

எதையெல்லாம் கழிக்க வேண்டும் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். குப்பை விளம்பரம், மாதாமாதம் தானாக வரும் கேள்வி-பதில் தொகுப்பு இரண்டையும் விட்டுவிடுங்கள். ஒரே மடல் மூன்று குழுக்களுக்கும் சேர்த்து அனுப்பப்பட்டிருந்தால் அதை ஒருமுறைதான் எண்ண வேண்டும். ஆனால் அதை வேறொரு பட்டியலில் குறித்துவையுங்கள்; எல்லா மடலும் இரண்டு குழுக்களுக்கும் சேர்ந்தே போகிறது என்றால் அந்த இரண்டையும் ஒன்றாக்கலாம் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஒரு தேதிக் கண்ணியும் உண்டு. கூகுள் இணைப்பு அறுபடுவதற்கு முந்தைய மாதங்களில் அதன் வழியாகப் பல குழுக்களில் குப்பை வெள்ளமாகப் பாய்ந்தது. அந்தக் காலத்தையும் இப்போதைய காலத்தையும் ஒப்பிட்டு ‘போக்குவரத்து சரிந்துவிட்டது’ என்று வரைபடம் போட்டால், விவரம் தெரிந்தவர்கள் ஒரே வரியில் கிழித்துவிடுவார்கள். 2024 மார்ச்சுக்குப் பிந்தைய கணக்கை மட்டும் எடுங்கள்.

3. உங்களுக்கு வேண்டியது பிரிப்பா, சேர்ப்பா?

காம்ப்.சிஸ் கிளையில் இருக்கும் பிரிவுகள் பெரும்பாலும் மடல் பெருகி வழிந்த காலத்தில் வகுக்கப்பட்டவை. அமிகாவை எடுத்துக்கொள்ளுங்கள்: விளையாட்டு, ஒலி, வரைகலை, வன்பொருள், நிரலாக்கம், வலையமைப்பு, சந்தை, அறிவிப்பு, எதிலும் சேராதவற்றுக்கு ‘மிஸ்க்’ என்று ஒரு காலத்தில் நீண்ட வரிசை. ஏகார்னுக்கும் அப்படியே. அன்றைக்கு அது தேவையாக இருந்தது. இன்றைக்கு அதே அமைப்பு, ஐம்பது விருந்தினர் வந்த கல்யாண மண்டபத்தை எட்டு அறையாகத் தடுத்ததுபோல் ஆகிவிட்டது. ஒவ்வோர் அறையிலும் எட்டிப்பார்ப்பவர் ‘யாருமில்லை’ என்று திரும்பிப் போகிறார்.

ஆகவே என் தீர்ப்பு இது: பத்தில் ஒன்பது கணினிகளுக்கு இன்று வேண்டியது சேர்ப்புதான். ‘இந்த மாதிரிக்குத் தனிக் குழு, அந்த மாதிரிக்குத் தனிக் குழு’ என்று ஆசையோடு வருபவர்களை நிறையப் பார்க்கிறேன். இருக்கும் குழுவில் ஒரே தலைப்பு மற்றவர்களை எழுத விடாமல் அடைத்துக்கொள்ளும்போதுதான் பிரிக்க வேண்டும். நாளைக்குக் கூட்டம் வரும் என்று இன்றே அறை கட்டினால் அது பூட்டியே கிடக்கும்.

இரண்டு விதிவிலக்குகள் சொல்வேன். ‘எந்தக் கணினி உயர்ந்தது’ என்ற வாய்ச்சண்டைக்கென்று இருக்கும் ‘அட்வகசி’ குழுவைத் தொடாதீர்கள். அதை மூடினால் அந்த மனிதர்கள் அடங்கிவிட மாட்டார்கள், உங்கள் முதன்மைக் குழுவுக்குக் குடிவருவார்கள். வாங்க-விற்க என்று இருக்கும் சந்தைக் குழுவையும், அதில் ஆள் இருக்கும்வரை, விட்டுவையுங்கள்.

4. தாளே தேவைப்படாத வழியை முதலில் முயலுங்கள்

முறைப்படி முன்மொழிவு எழுதுவதற்கு முன் இதைச் செய்துபாருங்கள். ஆள் நடமாட்டமுள்ள குழு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் அது ‘மிஸ்க்’ ஆக இருக்கும். மற்றக் குழுக்களில் வழக்கமாக எழுதும் ஆட்களை அணுகி, இனிமேல் அங்கேயே எழுதலாமா என்று கேளுங்கள். பொதுவில் கேட்பதற்கு முன் மின்னஞ்சலில் கேட்பது நல்லது. பொதுவில் கேட்டால் ‘ஆம்’ என்று சொல்ல நினைப்பவரும் முதலில் எதிர்த்துப் பேசுவார்.

அவர்கள் இசைந்தால், காலியான குழுக்களில் மாதம் ஒருமுறை ஒரு சிறு அறிவிப்பு மடல் போடுங்கள்: ‘இந்தக் கணினி பற்றிய பேச்சு இப்போது அந்தக் குழுவில் நடக்கிறது, அங்கே வாருங்கள்.’ தவறி வந்து கேள்வி கேட்பவருக்குப் பதிலளிக்கும்போது இரண்டு குழுவுக்கும் சேர்த்து அனுப்பி, தொடர்பதில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் ‘ஃபாலோஅப்-டு’ வரியில் (மடலின் தலைப்பகுதியில் இருக்கும்) ஆள் இருக்கும் குழுவை மட்டும் குறிப்பிடுங்கள். இழை தானாக இடம் மாறும். மடலின் முதல் வரியிலும் அதைச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் இழையை நகர்த்தினால் தந்திரம் என்பார்கள்.

அரையாண்டு இப்படி ஓடினால் பல இடங்களில் வேலை முடிந்துவிடும். காலிக் குழு பட்டியலில் இருந்துகொண்டிருப்பதால் யாருக்கும் பெரிய நட்டமில்லை. புதியவர்கள் தொடர்ந்து தவறான கதவைத் தட்டுகிறார்கள், அல்லது உண்மையிலேயே புதிய குழு தேவை என்றால் மட்டும் அடுத்த படிக்குப் போங்கள்.

5. பெயரை முடிவு செய்யுங்கள்

முறைப்படியான பாதையில் முதல் சண்டை பெயர் பற்றியதாகத்தான் இருக்கும். சில விதிகளில் பேரம் கிடையாது.

புள்ளிகளுக்கு இடையே வரும் துண்டு முழுவதும் எண்ணாக இருக்கக் கூடாது. பழைய சர்வர்கள் குழுவை ஓர் அடைவாகவும் (ஃபோல்டர்) மடலை எண் பெயர் கொண்ட கோப்பாகவும் சேமிக்கும். ‘64’ என்று ஒரு துணைக்குழு வைத்தால் அறுபத்து நான்காவது மடலோடு மோதும். கொமடோர் எட்டுப் பிட் கணினிகளின் குழு ‘காம்ப்.சிஸ்.சிபிஎம்’ என்றுதான் இருக்கிறது, பாருங்கள். எண்ணோடு எழுத்து கலந்தால் தடையில்லை, ‘காம்ப்.சிஸ்.ஆப்பிள்2’, ‘காம்ப்.சிஸ்.அட்டாரி.8பிட்’ இரண்டும் உண்டு. சிற்றெழுத்து, எண், கூட்டல் குறி, சிறு கோடு தவிர வேறெதுவும் வேண்டாம். ‘ஆல்’, ‘சிடிஎல்’ என்ற துண்டுகளுக்கும் இடமில்லை. அவை சர்வர்களின் உள்வேலைக்கு ஒதுக்கப்பட்டவை.

பெயரை ‘மாற்ற’ முடியாது என்பதைப் புதியவர்கள் நம்ப மறுக்கிறார்கள். பெயர் மாற்றம் என்றால் புதிய குழுவை உருவாக்கிப் பழையதை நீக்குவது. பழைய மடல்கள் பழைய பெயரோடுதான் இருக்கும். அவை புதிய குழுவுக்கு நகராது. ‘நிரலர்’ என்பதற்குப் பதில் ‘நிரலாக்கம்’ என்றிருந்தால் அழகாக இருக்குமே என்பதற்காக இவ்வளவும் செய்ய வேண்டுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

துணைக்குழு புதிதாகத் தொடங்கும்போது, அது எந்தக் குழுவிலிருந்து பிரிகிறதோ அந்த மூலக் குழு இருக்கும் இடத்தில் ‘மிஸ்க்’ ஒன்றைத் தொடங்கி மூலத்தை நீக்குவது பழைய வழக்கம். அன்றைக்குக் காரணம் இருந்தது. இன்றைக்கு அதைச் செய்யப்போனால் சில சர்வர்களில் மூலமும், சிலவற்றில் மிஸ்க்கும், சிலவற்றில் இரண்டும் இருந்து கூட்டம் இரண்டாகும். மூலக் குழுவை அப்படியே விடுங்கள்.

6. முன்மொழிவை எழுதுங்கள்

காம்ப், நியூஸ், மிஸ்க், ரெக், சை, சோக், டாக், ஹ்யுமானிட்டீஸ் என்ற எட்டுப் பெருங்கிளைகளுக்கும் ‘பிக்-8 மேலாண்மை வாரியம்’ என்ற தன்னார்வலர் அமைப்பு பட்டியலைப் பராமரிக்கிறது. குழு தொடங்கவோ நீக்கவோ ஆர்.எஃப்.டி. (விவாதத்துக்கான வேண்டுகோள்) என்ற ஆவணத்தை அவர்களுக்கு ஆங்கிலத்தில் அனுப்ப வேண்டும். கட்டணம் எதுவும் இல்லை. யாராவது ‘விரைவாக முடித்துத் தருகிறேன்’ என்று பணம் கேட்டால் மோசடி.

இணையத்தில் கிடைக்கும் பல வழிகாட்டிகள் வாக்கெடுப்பு பற்றிப் பேசும்: ஆதரவு வாக்கு எதிர்ப்பைவிட 100 அதிகம் வேண்டும், மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்றெல்லாம். அந்த முறை கைவிடப்பட்டு வெகுகாலமாகிறது. இப்போது வாரியத்தினரே விவாதத்தைப் படித்துவிட்டு முடிவு செய்கிறார்கள். அதனால் நண்பர்களைத் திரட்டி ‘நானும் ஆதரிக்கிறேன்’ என்று ஒற்றை வரி மடல் போடவைப்பதில் பயனில்லை. ‘இந்தக் குழு வந்தால் நான் இதை இதை எழுதுவேன்’ என்று ஐந்து பேர் சொன்னால் அதற்கு எடை உண்டு.

ஆவணத்தின் உறுப்புகளை வாரியத்தின் தளத்தில் உள்ள மாதிரியிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். எதில் நேரம் செலவிட வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

*விவர வரி.* குழுவின் பெயர், ஒரு டேப், பிறகு ஒரு சிறு விளக்கம், கடைசியில் முற்றுப்புள்ளி. எல்லாம் சேர்ந்து எண்பது எழுத்துக்குள் அடங்க வேண்டும். சர்வர்களின் பட்டியலில் மக்கள் காண்பது இந்த ஒரு வரியைத்தான். ‘இந்தக் கணினி பற்றிய விவாதத்துக்கான குழு’ என்று எழுதினால் இடம் வீண். அது குழு என்பது தெரிந்ததே. ‘வன்பொருள் பழுது, மாற்று உதிரிகள், போலச்செய்யும் மென்பொருள் (எமுலேட்டர்)’ என்பதுபோல உள்ளடக்கத்தைச் சொல்லுங்கள்.

*காரணம்.* இரண்டாம் படியில் எடுத்த கணக்கு இங்கேதான் பயன்படும். இப்போது பேச்சு எங்கே நடக்கிறது, எத்தனை பேர், அங்கே என்ன இடைஞ்சல், இந்த மாற்றம் அதை எப்படித் தீர்க்கும் என்ற வரிசையில் எழுதுங்கள். கணினியின் பெருமையை எழுதாதீர்கள். அது எந்த ஆண்டு வெளிவந்தது, எந்தச் சில்லு என்பதெல்லாம் சர்வர் நடத்துபவருக்குத் தேவையில்லை. நீக்கக் கேட்பதானால், அங்கே கடைசியாக உருப்படியான இழை எப்போது நடந்தது, அதே பேச்சுக்கு இப்போது எந்தக் குழு இடம் தருகிறது என்ற இரண்டுமே போதும்.

*சாசனம்.* குழுவில் எது பேசலாம், எது கூடாது என்ற வரையறை. இதைச் சுருக்கமாக எழுதுவது கடினம்; முயலுங்கள். மாதிரிக்கு, ‘நம்கணினி’ என்று ஒரு கணினி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

‘நம்கணினியின் வன்பொருள், மென்பொருள், பழுதுபார்ப்பு, பாதுகாப்பு, அதைப் போலச்செய்யும் மென்பொருள்கள் பற்றிய விவாதத்துக்கான இடம். தனிநபர் தம்மிடமுள்ள கருவியை விற்கவோ வாங்கவோ விரும்பினால் தலைப்பில் அதைக் குறிப்பிட்டு ஒருமுறை எழுதலாம். வணிக விளம்பரம் கூடாது. நிரல், படம் முதலிய கோப்புகளை இங்கே ஏற்றாமல் அவை இருக்கும் இடத்தின் முகவரியை மட்டும் தரவும்.’

இதற்குமேல் எழுதாதீர்கள். மரியாதையாகப் பேச வேண்டும், தலைப்பு இப்படி இருக்க வேண்டும் என்று இருபது விதி போட்டால் ஒவ்வொரு விதிக்கும் ஒரு வாரம் வாதாட நேரும். மட்டுறுத்தல், அதாவது மடல்களை ஒருவர் பார்த்து அனுமதிக்கும் ஏற்பாடு, இல்லாத குழுவில் அவற்றை நடைமுறைப்படுத்தவும் ஆளில்லை. உரிமம் பெறாத பழைய மென்பொருளைப் பகிர்வது பற்றி மட்டும் முன்பே ஒரு முடிவுக்கு வந்துவிடுங்கள். பழைய கணினிக் குழுக்களில் அது வராத இழையே இல்லை.

*முன்மொழிபவர்.* ஒருவர் பெயர் போதும் என்றாலும் இரண்டு பேர் சேர்ந்து கையெழுத்திடுவது நல்லது. அந்தக் குழுவில் ஆண்டுக்கணக்கில் எழுதிவரும் ஒருவர் உங்களோடு இருந்தால், ‘நேற்று வந்தவன் நம் வீட்டை இடிக்கிறான்’ என்ற பேச்சு எழாது.

7. மட்டுறுத்தல் வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். அறிவிப்புகளுக்கென்று தனிக் குழு தேவைப்பட்டால் மட்டும் யோசியுங்கள்.

மட்டுறுத்தப்பட்ட குழுவுக்கு ஒருவர் எழுதும் மடல் நேரே குழுவுக்குப் போகாது. சர்வர் அதை மட்டுறுத்துநருக்கு மின்னஞ்சலாக அனுப்பும். அவர் மடலின் தலைப்பகுதியில் ஒப்புதல் வரியைச் சேர்த்துத் திரும்ப ஏற்ற வேண்டும். இதற்குத் தொடர்ந்து இயங்கும் ஒரு கணினி வேண்டும், ‘ஸ்டம்ப்’ போன்ற மென்பொருள் வேண்டும், பதிலாள் ஒருவர் வேண்டும். வாடகைச் சர்வருக்கு மாதாமாதம் பணம். இலவசச் சர்வர் கணக்கோடு தொடங்கியிருந்தால், மொத்த வேலையில் பணம் செலவாகும் இடம் இது ஒன்றுதான். மட்டுறுத்துநர் சலித்துப்போய் ஓசையின்றி விலகினால் குழுவும் ஓசையின்றி நின்றுவிடும். அப்படி நின்றுபோன குழுக்களுக்காகவே வாரியத்தில் ‘மட்டுறுத்துநர் வெற்றிட விசாரணை’ என்று ஒரு தனி நடைமுறை இருக்கிறது. உங்கள் கணினிக்கு அப்படியொரு குழு ஏற்கெனவே பூட்டிக்கிடந்தால் புதியது தொடங்காதீர்கள்; அந்த விசாரணையைக் கோரி, பொறுப்பை ஏற்க நீங்கள் முன்வருவதே எளிது.

இரண்டு கண்ணிகள். மட்டுறுத்தப்பட்ட குழுவுக்கும் சாதாரணக் குழுவுக்கும் சேர்த்து ஒரே மடலை அனுப்பினால், மட்டுறுத்துநர் ஒப்புதல் தரும்வரை அது எந்தக் குழுவிலும் தோன்றாது. ‘என் மடலை யாரோ அழித்துவிட்டார்கள்’ என்ற புகார்களில் பாதி இதுதான். மற்றொன்று, இயங்கிக்கொண்டிருக்கும் சாதாரணக் குழுவை அதே பெயரில் மட்டுறுத்தப்பட்டதாக மாற்றக் கேட்காதீர்கள். எல்லாச் சர்வர்களும் அந்தக் குறியை ஒரே நேரத்தில் மாற்றாது. சில இடங்களில் ஒப்புதலின்றி மடல் நுழையும், மற்றச் சர்வர்கள் அதைத் தள்ளிவிடும். யார் எதைப் படிக்கிறார் என்றே தெரியாது.

8. விவாதத்தைத் தாங்குங்கள்

வாரியம் உங்கள் வரைவைப் பார்த்துத் திருத்தம் சொல்லும். பிறகு அது ‘நியூஸ்.அனௌன்ஸ்.நியூகுரூப்ஸ்’ குழுவிலும் உங்கள் கணினியின் குழுக்களிலும் சேர்ந்து வெளியாகும். நீங்களாக ஒவ்வொரு குழுவிலும் தனித்தனி மடலாக ஒட்டிவைக்காதீர்கள்; விவாதம் ஐந்து துண்டாகி, ஓரிடத்தில் சொன்ன பதிலை மற்ற நான்கிலும் மறுபடி சொல்ல வேண்டி வரும். ‘ஃபாலோஅப்-டு’ வரி எந்தக் குழுவைக் காட்டுகிறதோ அங்கேயே பேசுங்கள்.

இங்கே இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். ஒரு வகை உங்கள் கணினியைப் பயன்படுத்துபவர்கள். இன்னொரு வகை, எந்தக் கணினியானாலும் முன்மொழிவு வந்தால் வாதாட வரும் யூஸ்நெட் பழங்குடிகள். இரண்டாம் வகையினர் கடுமையாகப் பேசுவார்கள், ஆனால் பெயர்விதியிலும் சாசனத்திலும் அவர்கள் காட்டும் ஓட்டை பெரும்பாலும் உண்மையான ஓட்டையாக இருக்கும். நன்றி சொல்லித் திருத்திக்கொள்ளுங்கள். ‘யூஸ்நெட்டே செத்துவிட்டது, இதெல்லாம் எதற்கு’ என்று எழுதுபவருக்கு மட்டும் பதில் போட வேண்டாம்.

எல்லாருக்கும் உடனுக்குடன் பதில் எழுத வேண்டியதில்லை. இரண்டு நாளுக்கு ஒருமுறை, வந்த கருத்துகளையெல்லாம் சேர்த்து ஒரே மடலாகப் பதில் தருவது உங்களுக்கும் நல்லது, படிப்பவருக்கும் நல்லது. பெரிய மாற்றம் தேவைப்பட்டால் திருத்திய இரண்டாம் முன்மொழிவை வெளியிடலாம். அது தோல்வி அல்ல. உங்கள் கணினிக் குழுவின் வழக்கமான ஆட்களில் பாதிப் பேர் மனதார எதிர்த்தால் மட்டும் திரும்பப் பெறுங்கள். எழுதுபவர்களுக்கு விருப்பமில்லாத குழுவை வாரியம் உருவாக்கிக் கொடுத்தாலும் அங்கே யாரும் எழுதப்போவதில்லை.

9. காலம்

முறைசாராப் பேச்சு, வரைவு, திருத்தம், விவாதம், இறுதிக் கருத்துக்கான அழைப்பு, வாரியத்தின் முடிவு என்று போக இரண்டு மூன்று மாதத்தை ஒதுக்கிவையுங்கள். வாரியத்தினர் சம்பளம் இல்லாமல் வேலை செய்பவர்கள். மின்னஞ்சலுக்கு மறுநாளே பதில் வராது. டிசம்பர் பிற்பாதியிலும் ஐரோப்பியக் கோடை விடுமுறையிலும் தொடங்காதீர்கள். பேச ஆளிருக்காது, பிறகு வந்தவர்கள் ‘நாங்கள் இல்லாத நேரம் பார்த்துச் செய்துவிட்டார்கள்’ என்பார்கள்.

10. சர்வர்களைத் தேடிப் போங்கள்

முன்மொழிவு ஏற்கப்பட்டால் வாரியம் ஒரு கட்டுப்பாட்டுச் செய்தியை, அதாவது குழுவைச் சேர்க்கவோ நீக்கவோ சர்வர்களுக்குச் சொல்லும் மடலை, வெளியிடும். போலிகளைத் தடுக்க அது பிஜிபி என்னும் மின்னணுக் கையொப்பத்தோடு வரும். கையொப்பத்தைச் சரிபார்த்துத் தானாகச் செயல்படும்படி அமைத்த சர்வர்களில் புதிய குழு உடனே தோன்றும். மற்றவற்றில் தோன்றாது. வாரியத்தால் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்பதால், இங்கிருந்து நீங்களே நடந்து போக வேண்டியதுதான்.

உங்கள் கணினிக் குழுவில் எழுதுபவர்களின் மடல்களில் முழுத் தலைப்பகுதியைத் திறந்து, அவர்கள் எந்தச் சர்வர்களிலிருந்து எழுதுகிறார்கள் என்று பட்டியலிடுங்கள். ஏழெட்டுக்கு மேல் இருக்காது. ஒவ்வொன்றிலும் குழு வந்திருக்கிறதா என்று அங்கே கணக்கு வைத்திருப்பவரைக் கேட்டுப் பாருங்கள். வரவில்லையென்றால் அந்தச் சர்வரின் உதவிக் குழுவிலோ நிர்வாகியின் முகவரியிலோ இரண்டே வரி எழுதுங்கள்: குழுவின் பெயர், கட்டுப்பாட்டுச் செய்தியின் அடையாள எண். பெரும்பாலோர் அன்றே சேர்த்துவிடுவார்கள். உலகிலுள்ள எல்லாச் சர்வர்களையும் துரத்த வேண்டியதில்லை.

நீக்கம் இதைவிட மெதுவாக நடக்கும். போலி நீக்கச் செய்திகளால் சூடுபட்ட நிர்வாகிகள் பலர் நீக்கத்தைத் தானாகச் செயல்பட விடுவதில்லை. அங்கெல்லாம் பழைய குழு திறந்தே கிடக்கும். நிர்வாகி இசைந்தால் இடைவழி ஒன்று இருக்கிறது: ஐஎன்என் என்னும் மென்பொருளில் ஓடும் சர்வர்களில் ஒரு குழுவை ‘படிக்கலாம், இங்கிருந்து எழுத முடியாது’ என்ற நிலையில் வைக்கலாம், பழைய குழுவுக்கு வரும் மடலைப் புதியதில் சேர்க்கும்படி மாற்றுப் பெயராகவும் அமைக்கலாம். நீக்கச் சொல்வதைவிட இதைக் கேட்டால் எளிதாகத் தலையாட்டுவார்கள்.

புதிய குழு தொடங்கிய முதல் மாதம் அதில் எழுத வேண்டியது உங்கள் கடமை. நண்பர்கள் நால்வரை முன்பே கேட்டு, ஆளுக்கு ஓர் உண்மையான கேள்வியோ செய்தியோ கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். ‘சோதனை’, ‘வணக்கம்’ என்ற மடல்கள் மட்டும் உள்ள குழுவில் யாரும் இரண்டாம் முறை எட்டிப்பார்ப்பதில்லை.

நீக்கச் செய்தி வெளியாவதற்கு முன்பு செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு: அந்தக் குழுவில் உங்கள் சர்வர் வைத்திருக்கும் மடல்கள் அனைத்தையும் இறக்கி எம்பாக்ஸ் கோப்பாக (பல மடல்களை ஒன்றாகச் சேர்த்து வைக்கும் கோப்பு வகை) சேமித்துக்கொள்ளுங்கள். குழு நீங்கியபின் அந்தச் சர்வரில் அவற்றைக் குழுவாகத் திறந்து படிக்க முடியாது. இன்டர்நெட் ஆர்க்கைவில் யூஸ்நெட் தொகுப்புகள் இருக்கின்றன; உங்கள் குழு அதில் எந்த ஆண்டுவரை இருக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டு, விடுபட்ட ஆண்டுகளையாவது காப்பாற்றுங்கள். அந்த மடல்களில்தான் உங்கள் கணினியின் மின்வழங்கியில் எந்தக் கெப்பாசிட்டர் முதலில் கசியும் என்ற குறிப்பு இருக்கும்.